முதல் ஐந்தாண்டும் தாய்மொழிக்கே!

மதுரை மாவட்டத்தில், உசிலம்பட்டிக்கு அப்பால், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தே அமைந்த ஊர் எழுமலை. அவ்வூரில் பிறந்த மூன்று அகவைக் குழந்தையை ‘உன் ஊர் எது?’ என்று கேட்டால், ‘எயுமலை’ என்று விடை சொல்லும். அதைக் கேட்டு அப்பத்தா சிரிப்பாள். அம்மாச்சி அள்ளி முத்தமிடுவாள். எவரும் அக்குழந்தையைக் குறைகூறார். ழகரம் நாவுக்கு வயப்பட இன்னுஞ் சில காலம் ஆகும் என்பதைப் பள்ளி வாயிலை மிதியாத பாட்டியும் அறிவாள்.

அதே குழந்தை ‘ஆப்பிள்’ என்பதை ‘ஆப்பி’ என்று சொல்லிவிட்டாலோ பெற்றோர் முகம் சுருங்குகின்றது. மீண்டும் சொல், மீண்டும் சொல் என்று வதைக்கின்றனர். வீட்டிற்கு விருந்தினர் வந்தால் குழந்தையை நடுக்கூடத்தில் நிறுத்தி, ஆங்கில நெடுங்கணக்கை ஒப்புவிக்கச் செய்து பூரிக்கின்றனர். தாய்மொழியில் மழலை பேசினால் இன்பம்; அயன்மொழியில் மழலை பேசினால் இழிவு! இந்த அளவுகோல் தமிழன் கைக்கு எங்கிருந்து வந்தது?

குழந்தைக்கு மொழி எவ்வாறு வருகின்றது என்பதை அறியாமையே இதற்கு அடிப்படை. எழுத்தைக் கற்பித்த பின்னர்தான் மொழி வருகின்றதென்றும், பள்ளியிற் சேர்த்த பின்னர்தான் கல்வி தொடங்குகின்றதென்றும் பலர் கருதிக்கொண்டுள்ளனர். உண்மை அதற்கு நேர் மாறானது. ஐந்து அகவை நிரம்பிப் பள்ளி வாயிலில் நிற்கும் குழந்தை, ஒரு மொழியின் கட்டமைப்பில் பெரும்பகுதியை முன்னரே தன் வயமாக்கிக் கொண்டு நிற்கின்றது. அவ்வைந்து ஆண்டுகளில் அதன் செவியில் எது விழுந்தது, எவர் அதனோடு பேசினர் என்பதே பின்வரும் கல்வி முழுமைக்கும் கடைகால்.

கருவிலேயே விழிக்கும் செவி

குழந்தை தாயின் வயிற்றிலிருக்கும்போதே அதன் செவி தொழிற்படத் தொடங்கிவிடுகின்றது. பிறந்து மூன்று நாளுக்குட்பட்ட குழந்தைகள் பிற பெண்களின் குரலைவிடத் தம் தாயின் குரலையே விரும்பிக் கேட்கின்றன என்பதை 1980-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் இருவர் மெய்ப்பித்தனர். பிறந்து நான்கே நாளான பிரெஞ்சுக் குழந்தைகள் பிரெஞ்சு மொழியையும் உருசிய மொழியையும் வேறுபடுத்தி அறிகின்றன என்பதை 1988-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டிற்று. தாய்மொழி என்பது மேடையில் உணர்ச்சிக்காகச் சொல்லப்படும் வெறுஞ்சொல் அன்று; தாயின் குரலோடு கருவறையிலேயே செவி புகும் மொழி அது.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. சேனட் வெர்க்கர், இரிச்சர்டு டீசு என்னும் கனடா நாட்டு ஆய்வாளர் இருவர் 1984-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். இந்தியிலுள்ள தகர ஒலிக்கும் டகர ஒலிக்கும் உள்ள வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. ஆங்கிலேயர் செவிக்கு அது எளிதில் எட்டுவதும் இல்லை. ஆயினும், ஆங்கிலம் பேசும் இல்லங்களில் பிறந்த ஆறு முதல் எட்டுத் திங்கட் குழந்தைகள் அவ்வேறுபாட்டைச் செவ்வனே உணர்ந்தன. அத்தகைய குழந்தைகளே பத்துப் பன்னிரண்டு திங்கள் நிரம்பும்போது அத்திறனைப் பெரும்பாலும் இழந்துவிட்டிருந்தன. உலக மொழிகள் பலவற்றின் ஒலிகளுக்கும் திறந்திருந்த செவி, ஓராண்டு நிறைவதற்குள் தன்னைச் சுற்றி வழங்கும் மொழிக்கு ஏற்பத் தன்னைச் செப்பஞ் செய்துகொள்கின்றது. கேட்ட ஒலி கூர்மையுறுகின்றது. கேளாத ஒலி மங்குகின்றது.

லகர, ளகர, ழகரமும், நகர, னகர, ணகரமும் நுண்ணிதின் வேறுபட்டொலித்த மொழி தமிழ். குழவி, குழந்தை, மழலை, தமிழ் என்னும் சொற்களிலெல்லாம் ழகரம் அமர்ந்திருக்கின்றது. எழுமலையின் பெயரிலும் அமர்ந்திருக்கின்றது. பெரியவர்களே ‘வாளப்பளம்’ என்றும் ‘எளுமலை’ என்றும் ஒலித்துக்கொண்டிருப்பின், தொட்டிலிற் கிடக்கும் குழந்தையின் செவிக்கு ழகரம் எங்ஙனம் எட்டும்? பத்தாம் வகுப்பில் ஆசிரியர் ழகரத்திற்காகப் பிரம்பெடுப்பதில் என்ன பயன்? ழகரம் காக்கப்பட வேண்டிய இடம் தொட்டிற்புறமே ஆகும்.

முன்னோர் அறிந்த வளர்ச்சிப் படிகள்

குழந்தையின் வளர்ச்சியைப் படிப்படியாக நோக்கும் கண் தமிழர்க்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் என்று ஒரு சிற்றிலக்கிய வகையையே படைத்துக் கொண்டவர்கள் அவர்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என அதன் பருவங்கள் அடுத்தடுத்து வருகின்றன. குமரகுருபரர் பதினேழாம் நூற்றாண்டில் மதுரை மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைப் பாடியதும் இம்முறையிலேயே. கீர் என்பது சொல் என்றும், குழந்தை ஒலியெழுப்பத் தொடங்கும் பருவமே செங்கீரை என்றும் பொருள் காண்பாருளர். தால் என்பது நாக்கு. தாய் நாவசைத்துப் பாட, குழந்தை அதனை நோக்கிக் கிடக்கும் பருவம் அது. பின்னர்க் கைகொட்டலும், தளர்நடையும், நிலவைச் சுட்டி அழைத்தலும் முறையே வருகின்றன.

இற்றை அறிவியல் கூறும் படிகளும் இவற்றோடு ஒத்துச் செல்கின்றன. இரண்டு மூன்று திங்களில் குழந்தை கூவி ஒலிக்கின்றது. ஆறாம் திங்களையொட்டி, மா-மா, பா-பா, தா-தா என்று அசைகளை அடுக்குகின்றது. ஓராண்டை ஒட்டி முதற்சொல் பிறக்கின்றது. ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுக்குள் இரு சொற்களை இணைக்கின்றது. ‘அம்மா வா’, ‘பால் வேணாம்’ என்கின்றது. மூன்றில் சொற்றொடர் அமைகின்றது; நான்கிலும் ஐந்திலும் கதை சொல்கின்றது, ‘ஏன்? ஏன்?’ என்று ஓயாது கேட்கின்றது. ஒரு குழந்தைக்குச் சற்று முன்னும் மற்றொன்றிற்குச் சற்றுப் பின்னும் ஆகலாம். படிகளின் வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை.

ஓரகவைக் குழந்தை நிலவைச் சுட்டி ‘அதோ’ என்று கையை நீட்டுவது பேச்சின் பெருவாயில். சுட்டிய பொருளைத் தானும் நோக்கி, ‘ஆமாம், நிலா! வட்ட நிலா!’ என்று தாய் மறுமொழி கூறும்போது, பொருளும் சொல்லும் ஒன்றோடொன்று பிணைகின்றன. ஒருவர் சொல்ல மற்றவர் மறுமொழி தர, பந்து எறிந்து பிடிப்பது போல் மாறி மாறி நிகழும் இவ்வுரையாட்டே மொழியை வளர்க்கின்றது. தமிழ்த் தாய் அம்புலி காட்டிச் சோறூட்டியது வெறும் பொழுதுபோக்கன்று என்பதை இனியேனும் உணர்தல் வேண்டும்.

அம்புலி இருந்த இடத்தில் இன்று கைப்பேசி இருக்கின்றது. அதில் ஓடும் ஆங்கிலப் பாட்டைக் காட்டிச் சோறூட்டுவதால், உணவோடு ஆங்கிலமும் இறங்கிவிடும் என்பது பலரது கணக்கு. பத்திரீசியா கூல் என்னும் ஆய்வாளர் சியாட்டில் நகரில் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வு இக்கணக்கைப் பொய்யாக்கிற்று. ஒன்பது திங்கள் நிரம்பிய அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து, பன்னிரண்டு அமர்வுகளில் கதைப்பொத்தகம் காட்டி விளையாடினர். அக்குழந்தைகள் சீன ஒலிகளை வேறுபடுத்தி அறியக் கற்றுக்கொண்டன. அதே பேச்சைத் தொலைக்காட்சி வழியாகவும் ஒலிப்பதிவு வழியாகவும் கேட்ட குழந்தைகளோ அதனைக் கற்கவில்லை. அத்துணை இளமையில் மொழி ஓர் உயிரிடமிருந்து மற்றோர் உயிருக்குச் செல்வதன்றிக் கருவியிலிருந்து இறங்குவதன்று.

கற்பிக்காமலே வரும் இலக்கணம்

எழுமலைத் தெருவில் விளையாடும் நான்கு அகவைச் சிறுமி ‘தம்பி வந்தான்’ என்கின்றாள். ‘தாத்தா வந்தாரு’ என்கின்றாள். ‘நாய் வந்துச்சு’ என்கின்றாள். உயர்திணை, அஃறிணை என்னும் பாகுபாட்டையோ, ஒருமையும் உயர்வுப் பன்மையும் வேறென்பதையோ அவளுக்கு எவரும் எடுத்துரைத்ததில்லை. தொல்காப்பியர் நூற்பா யாத்துக் கூறிய நெறியை அவள் நா பிழையறப் போற்றுகின்றது. கடைக்கு உடன் அழைக்கும்போது ‘நாம போவோமா?’ என்கின்றாள், தோழியை விட்டுச் செல்லும்போது ‘நாங்க போறோம்’ என்கின்றாள். கேட்பவரை உள்ளடக்குவது ஒன்று, விலக்குவது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான் உண்டு. உலகை எவ்வாறு பகுத்து நோக்குவது என்பதையே தாய்மொழி குழந்தைக்குத் தருகின்றது.

உறவுச் சொற்களும் அத்தகையனவே. தாயுடன் பிறந்தவன் மாமன். தந்தையுடன் பிறந்தவன் பெரியப்பன் அல்லது சிற்றப்பன். ஒருவன் தோளில் உரிமையோடு ஏறலாம். மற்றவனிடம் சற்றே அஞ்சி நிற்க வேண்டும். காதுகுத்தில் மடியில் அமர்த்திக்கொள்ளும் உரிமை தாய்மாமனுக்கே உண்டு. இத்தனையும் சொல்லோடு சொல்லாகக் குழந்தைக்கு விளங்கிவிடுகின்றன. அனைவரையும் ‘அங்கிள்’ என்னும் ஒரே மூட்டையிற் கட்டும் குழந்தை, சொற்களை மட்டுமா இழக்கின்றது? தனக்கும் சுற்றத்திற்கும் இடையே உள்ள பாலத்தையே இழக்கின்றது.

இங்கு ஒரு தடை எழும். ‘இளங்குழந்தை எத்துணை மொழிகளையும் எளிதிற் கற்கும் என்று அறிவியலாரே கூறுகின்றனரே, பின் ஆங்கிலத்தைத் தடுப்பானேன்?’ என்று வினவுவார் உளர். கூற்று மெய்யே, அதிலிருந்து எடுத்த முடிபே பிழை. மதுரை நகரில் சௌராட்டிர மொழி பேசும் குடும்பங்கள் பல்லாயிரம் உள. அவர்தம் குழந்தைகள் இல்லத்தில் சௌராட்டிரமும் தெருவில் தமிழும் பேசி, இரண்டிலும் குறைவின்றி வளர்கின்றனர். சுற்றுப்புற ஊர்களில் தெலுங்கும் தமிழும் அங்ஙனமே வாழ்கின்றன. அம்மொழிகள் அவர்களைச் சூழ்ந்து உயிரோடு வழங்குவதே அதற்குக் கரணியம். பாட்டி திட்டுவது ஒரு மொழியில், விளையாட்டுத் தோழன் வம்புக்கிழுப்பது மற்றொரு மொழியில்.

எழுமலையில் ஆங்கிலம் எவர் வாயில் வாழ்கின்றது? அழும் குழந்தையை ஆங்கிலத்தில் ஆற்றுவார் யார்? பெற்றோர் தாமே தட்டுத் தடுமாறிக் கற்ற பத்துச் சொற்களைக் கொண்டு, ‘பேபி, டாக் பார்! மில்க் குடி!’ என்று ஏவுவதோடு அது நின்றுவிடுகின்றது. ஏவலுக்கு மறுமொழி இல்லை, வினாவுக்கு விடை இல்லை, கதை இல்லை, பாட்டின் பொருள் இல்லை. தமிழ் ஓடிக்கொண்டிருந்த வாய்க்காலை அடைத்துவிட்டு, ஆங்கிலத்தைக் குவளையில் மொண்டு ஊற்றுவது போன்றது இது. பயிர் இரண்டு நீரும் இன்றி வாடுகின்றது.

தாய்மொழியில் வேரூன்றிய குழந்தைக்கு ஆங்கிலம் பின்னர்க் கைவரும். பொருளை எண்ணவும், முன்பின் கோக்கவும், எடுத்துரைக்கவும் அது முன்னரே கற்றுவிட்டது. இனிப் புதுச்சொற்களை அறிவதே வேலை. கல்வி தொடங்குவதற்கு ஏற்ற மொழி தாய்மொழியே என்று யுனெசுகோ அமைப்பின் வல்லுநர் குழு 1953-ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது.

அரசும் முறைமன்றமும்

இந்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ஆம் ஆண்டு அக்தோபர்த் திங்கள் இரண்டாம் நாள் தொடங்கப்பெற்றது. 1982-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் ம.கோ.இரா. ஆட்சியில் தமிழகச் சத்துணவுத் திட்டம் எழுந்தது. ஊர்தோறும் இன்று காணப்பெறும் குழந்தைகள் நடுவங்கள் இவ்வழி வளர்ந்தவை. தமிழகத்தில் ஏறத்தாழ 54,000 நடுவங்கள் உள. அங்கன்வாடி என்னும் வடநாட்டுப் பெயர் அவற்றின்மேல் ஒட்டிக்கொண்டது. முற்றம் என்பதே அதன் உட்பொருள். முற்றம் என்ற இனிய சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு தமிழன் அயற்சொல்லைத் தூக்கிச் சுமக்கின்றான்!

பெயர் கிடக்கட்டும். தாய்மார் பருத்தி எடுக்கவும் களை பறிக்கவும் சென்றுவிட, இரண்டு முதல் ஐந்து அகவைக் குழந்தைகளை அணைத்து அமர்பவர் அந்நடுவப் பணியாளரே. ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்னும் பெயரில் பாட்டும் கதையும் விளையாட்டுமாகிய தமிழ்ப் பாடத்திட்டமும் அவர்களிடம் உண்டு. ஆனால் 2019-ஆம் ஆண்டு சனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 நடுவங்களில், எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்னும் ஆங்கிலப் பெயர்களோடே வகுப்புகள் தொடங்கப்பெற்றன. அவை நிறுத்தப்படும் என்ற செய்தி 2022-இல் பரவியபோது எதிர்ப்புக் கிளம்பிற்று. அவை தொடரும் என்று அரசு அறிவித்தது. குழந்தைகளுக்குப் பள்ளிமுன் கல்வி வேண்டும் என்று ஏழைப் பெற்றோர் விழைவது முற்றும் நேரியது. அவ்விழைவை ஆங்கிலப் பெயர்ப்பலகை கொண்டுதான் நிறைவேற்ற இயலும் என்று அரசே எண்ணியதுதான் இரங்கத்தக்கது. தனியார் கடைப்பரப்பும் சரக்கு அது. அரசும் அதே கடையை விரித்தால் ஏழைத் தமிழன் எங்கே போவான்?

சட்டத்தின் துணையைத் தமிழர் நாடாமல் இல்லை. தொடக்க வகுப்புகளில் தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழி ஆதல் வேண்டும் என்று 1999-ஆம் ஆண்டு தமிழக அரசு பிறப்பித்த ஆணையை, 2000-ஆம் ஆண்டு சென்னை உயர் முறைமன்றம் தள்ளிற்று. கருநாடக வழக்கொன்றில், தொடக்கக் கல்வியில் தாய்மொழியைப் பயிற்றுமொழியாக அரசு கட்டாயப்படுத்த இயலாதென்றும், பயிற்றுமொழியைத் தெரிந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கே உரியதென்றும் 2014-இல் உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பத்தாம் வகுப்புவரை தமிழ் ஒரு பாடமாகக் கட்டாயமாயிற்று. பயிற்றுமொழி அதனால் மாறவில்லை.

உரிமை பெற்றோருக்கே என்றால் பொறுப்பும் பெற்றோருக்கே. எழுமலையின் ஒரு வீட்டு முற்றத்தில் தாய் தன் குழந்தையோடு எம்மொழியில் பேச வேண்டும் என்று எந்த மன்றமும் ஆணையிட்டதில்லை, இடவும் இயலாது. முதல் ஐந்தாண்டு எனும் கோட்டை இன்னும் தமிழர் கையிலேயே இருக்கின்றது. அதனைத் தாமே திறந்துவிடுவோர் பிறரைப் பழித்துப் பயனென்ன?

தமிழ்ப்பற்றாளர் இல்லங்களிலும்

தமிழ்ப்பற்றாளர் இல்லங்களிலும் குறை உண்டு. குழந்தைக்குத் தூய தமிழ்ப்பெயர் சூட்டிவிட்டு, மூன்று அகவையில் ஆங்கில மழலையர் பள்ளி வாயிலில் வரிசையில் நிற்பாரும் உளர். மற்றொரு சாரார் மாலைதோறும் கூட்டங்களுக்குச் சென்று மொழியைக் காத்துவிட்டு, குழந்தை உறங்கியபின் வீடு திரும்புகின்றனர். ஊருக்கெல்லாம் தமிழ் முழக்கும் தந்தையின் குரலை அவன் மகன் ஒரு வேளையேனும் கதையாகக் கேட்டதுண்டா?

இன்னுஞ் சிலர், குழந்தை வாய்திறந்தால் போதும், ‘அது வடசொல், இது அயற்சொல்’ என்று திருத்தப் புகுகின்றனர். திருத்தத் திருத்தக் குழந்தை வாய்மூடிக் கொள்ளும். மழலையைக் கடிந்தால் மொழி வளராது. பெரியவர் செப்பமாகப் பேசினால் தானே வளரும். குழந்தை ‘எயுமலை’ என்றால், ‘ஆமாம், எழுமலைதான்! எழுமலைக் கண்மாயில் கொக்கு வந்திருக்கிறதே, பார்த்தாயா?’ என்று விடை சொன்னால் போதும். ழகரமும் செவிக்கு எட்டிற்று, பேச்சும் அறுபடவில்லை.

அவ்வாறே, பாட்டியின் பேச்சைக் கொச்சை என்று ஒதுக்குதலும் பிழை. அங்கிட்டு, இங்கிட்டு, வெரசா, ஒசக்க என்று மதுரைப்புறத்து முதியோர் வழங்கும் சொற்கள் தமிழ்வேரில் கிளைத்தவை. குழந்தையிடம் மேடைத்தமிழ் பேசத் தேவையில்லை; வாழும் தமிழ் பேசினால் போதும். கதை, விடுகதை, கைகொட்டு, சாய்ந்தாடல், தாலாட்டு ஆகிய அத்தனையும் பாட்டியின் வாயில் உள. அவளைத் தொலைக்காட்சிக்கு முன் உட்கார வைத்துவிட்டுக் குழந்தையைத் தனிப்பாடத்திற்கு அனுப்புவது, வீட்டுக் கிணற்றை மூடிவிட்டு விலைக்கு நீர் வாங்குவதாகும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ஒலி கேட்டுத் திரும்பாத குழந்தையும், ஒன்றரை ஆண்டு கடந்தும் ஒரு சொல்லும் பேசாத குழந்தையும் காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டப்பெறல் வேண்டும். ‘இவன் அப்பனும் இப்படித்தான், பேச்சு பின்னால் வரும்’ என்று காத்திருந்து, காது கேளாமையை மூன்று நான்கு ஆண்டு கழித்து அறிவோர் உளர். செவி திறந்திருக்க வேண்டிய பொன்னான பருவம் அதற்குள் கழிந்துவிடும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு உண்டு. நாடிச் செல்க!

நாளொன்றுக்கு அரைமணிப் பொழுது கைப்பேசியை அகற்றி வைத்துக் குழந்தையின் முகம் நோக்கிப் பேசுக! அது சுட்டுவதற்குப் பெயர் சொல்க! அது கேட்பதற்கு விடை சொல்க! விடை தெரியாவிடில் அதனோடு சேர்ந்து வியந்து நிற்க! பொருட்செலவில்லாத இப்பணியைச் செய்யாத வீட்டில், தமிழ் வாழ்க என்னும் முழக்கம் சுவரோடு நின்றுவிடும்.

முதல் ஐந்தாண்டுகளைத் தமிழுக்குத் தந்த குழந்தை, ஒருநாள் முற்றத்தில் நின்று தன் ஊர்ப்பெயரைத் திருத்தமாகச் சொல்லும். அன்று அதற்கு எவரும் ழகரம் கற்பித்திருக்கமாட்டார். வீட்டில் ழகரம் வாழ்ந்திருக்கும்.